படைத்துறை அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்வது எவ்வாறு?

மும்பையில் மாதுங்காவிலும், டில்லியில் கரோல் பாகிலும், கொல்கத்தாவிலும், ஜாம்ஷெட்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வீடுகளில் வளரும் பிள்ளை பதினோராம் வகுப்பை எட்டியவுடன், பொறியியலா, மருத்துவமா, கணக்கியலா என்று தந்தையார் கேட்பது வழக்கம். பிள்ளையோ, பள்ளியின் தேசிய மாணவர் படையில் இரண்டாண்டுகள் அணிவகுத்து நடந்து பழகியவன். "நான் படையில் அதிகாரியாகச் சேர விரும்புகிறேன், அப்பா" என்று ஒருநாள் சொல்லிவிடுகிறான். இப்பொழுதெல்லாம் மகள்களும் இதைச் சொல்லுகின்றனர். வீட்டில் ஒருவருக்கும் இதற்கு வழி தெரிவதில்லை. பாட்டியார் "பட்டாளத்துக்கா!" என்று திகைக்கிறார். தந்தையார் யாரிடம் விசாரிப்பது என்று அறியாமல் நாட்களைக் கடத்துகிறார். இவ்வாறு கடக்கும் நாட்கள் இவ்விஷயத்தில் மிகவும் விலையுயர்ந்தவை. ஏனெனில் இப்பாதையின் ஒவ்வொரு வாயிலிலும் வயது என்னும் காவலாளி நிற்கிறான். ஆறு மாதம் தாமதித்தவனுக்குச் சில வாயில்கள் மீண்டும் திறப்பதில்லை. ஆதலின் அவ்வழிகளை இங்கே கூடியவரை விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை அகற்றிவிடுவது நலம். சிப்பாயாகச் சேர்வது வேறு. அதிகாரியாகச் சேர்வது வேறு. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தின் கீழ் நான்காண்டுக் காலத்துக்குச் சேரும் வீரர்களைப் பற்றி நேயர்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பர். அது சிப்பாய் நிலைக்கான ஏற்பாடு. அதிகாரி நிலைக்குத் தேர்வு முறை, கல்வித் தகுதி, பயிற்சி ஆகிய யாவும் வேறானவை. இரண்டையும் ஒன்றென எண்ணி, "நான்கு ஆண்டுகளில் அனுப்பிவிடுவார்களாமே" என்று அஞ்சி, மகனைத் தடுத்துவிட்ட பெற்றோரும் உண்டு.

நம் நாட்டு இளைஞர் தம் நாட்டுப் படையில் அதிகாரியாவது ஒருகாலத்தில் எளிதாக இல்லை. முதல் உலகப் போரின் முடிவுக்குப் பின்னர் இங்கிலாந்தில் ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் மட்டுமே இந்தியருக்கு ஒதுக்கப்பட்டன. கடல் கடந்து செல்லும் செலவைத் தாங்கும் வசதியும், சர்க்கார் வட்டாரத்தில் செல்வாக்கும் உடைய குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு செல்ல முடிந்தது. இந்தியாவிலேயே ஒரு ராணுவக் கல்லூரி வேண்டும் என்று மோதிலால் நேரு முதலிய தலைவர்கள் சட்டசபையிலும் கமிட்டிகளிலும் வாதாடினர். அதன் பயனாக 1932-இல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி நாற்பது பேருடன் தொடங்கியது. பிற்காலத்தில் பீல்டு மார்ஷல் ஆகிய மானெக்ஷா அந்த நாற்பதின்மரில் ஒருவர். தமிழ்நாட்டுக் குமாரமங்கலம் குடும்பத்தில் பிறந்து, 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் குமாரமங்கலம் அவர்களோ இங்கிலாந்தில் ஊலிச் நகரின் அகாடமியில் பயின்றவர். பீரங்கிப்படைக்குரிய கல்வி அக்காலத்தில் அங்கேதான் கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பின்னர் வேறொரு கருத்து எழுந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்னும் மூன்றுக்கும் உரிய அதிகாரிகள் இளமையிலேயே ஒரே கூரையின் கீழ்ப் பயின்றால், பின்னாளில் போர்க்களத்தில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வர் என்பதே அது. 1949 ஜனவரியில் டேராடூனில் அத்தகைய கூட்டுப் பிரிவு தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா ஏரிக்கரையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் தேசியப் பாதுகாப்பு அகாடமி அங்கே முறைப்படி திறக்கப்பட்டது. அதன் தலைமைக் கட்டடத்துக்குச் 'சூடான் பிளாக்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்க இந்தியப் படையினர் புரிந்த தியாகத்தை நினைந்து, அந்நாட்டு அரசு அளித்த நன்கொடையின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேரக்கூடிய பெருவாயில் இந்தக் கடக்வாஸ்லா அகாடமிதான். இதற்கான எழுத்துத் தேர்வை யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும் காலத்தில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். மணமாகாதவராக இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவரும், அவ்வகுப்பில் பயின்றுகொண்டிருப்பவரும் எழுதலாம். தரைப்படையை மட்டும் விரும்புவோர் எப்பாடப் பிரிவில் பயின்றிருந்தாலும் தடையில்லை. வரலாறும் வணிகமும் பயின்ற மாணவரும் வரலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஒவ்வோர் அறிவிப்பிலும் பிறந்த தேதியின் இரு எல்லைகள் அச்சாகியிருக்கும். ஒரே நாள் வெளியே போனாலும் சலுகை கிடையாது.

வெளிமாநிலத் தமிழருக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. "நாங்கள் எந்த மாநிலத்தவர்?" என்ற கேள்வி, கல்லூரி இடங்களிலும் மாநில அரசு வேலைகளிலும் நம்மவரை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. பிறந்தது ஓர் ஊர், பயின்றது ஓர் ஊர், தந்தையார் ஊர் வேறு. இருப்பிடச் சான்று எங்கும் கிடைக்காது. பாதுகாப்பு அகாடமித் தேர்வில் இத்தொல்லை இல்லை. மாநிலவாரிப் பங்கீடு இல்லை. சாதிவாரி ஒதுக்கீடும் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே தகுதிப் பட்டியல். தேர்வு எழுதும் நகரையும் விண்ணப்பிப்பவரே குறிப்பிடலாம். நாக்பூரில் வாழும் பிள்ளை நாக்பூரிலேயே எழுதலாம். விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தால் சென்னையைக் குறிப்பிடலாம். சில நகரங்களில் இடம் விரைவில் நிரம்பிவிடுமாதலால், கடைசி நாள் வரை காத்திருப்பவர் தொலைவான ஊருக்குப் போக நேரிடும்.

குடியுரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியக் குடிமக்களோடு நேபாளத்தவரும் எழுதலாம். பர்மா, இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் முதலியவற்றிலிருந்து இந்தியாவில் நிலையாகக் குடியேறும் நோக்கத்துடன் வந்த இந்திய வம்சாவளியினருக்கும் விதியில் இடமுண்டு. அவர்கள் மத்திய அரசின் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பிய குடும்பங்களின் வழிவந்தோர் நம்மில் பலர். அவர்களுட் பெரும்பாலோர் முன்னரே குடியுரிமை பெற்றவராதலால் அச்சான்றும் தேவைப்படாது.

எழுத்துத் தேர்வில் இரண்டு தாள்கள். கணிதத்துக்கு 300 மதிப்பெண். பொது அறிவுத் திறனுக்கு 600 மதிப்பெண். இந்த 600-இல் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. மீதி பௌதிகம், ரசாயனம், பொது விஞ்ஞானம், வரலாறு, பூகோளம், நடப்புச் செய்திகள் ஆகியவற்றுக்கு. தாள் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம். தரப்பட்ட விடைகளுள் சரியானதைக் குறிக்கும் முறையிலேயே வினாக்கள் யாவும் அமையும். பிழையான விடைக்கு, அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். இங்கேதான் நல்ல மாணவர்கள் பலர் வீழ்கின்றனர். பள்ளியில் எல்லா வினாக்களுக்கும் விடை எழுதிப் பழகியவர்கள், வெற்றிடம் விடுவதைத் தோல்வியென எண்ணி, தெரியாதவற்றையும் குறித்துவிட்டு, தெரிந்தவற்றால் ஈட்டியதை இழக்கின்றனர். 2021 முதல் 2024 வரையில், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படுவதற்கான கீழெல்லை 900-க்கு ஏறத்தாழ 290 முதல் 360 வரையே இருந்து வந்தது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் தனியே பெறவேண்டும். ஆகவே இத்தேர்வு எல்லாம் அறிந்த மேதைகளைத் தேடுவதன்று. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்தவன் இதில் தப்பிக்கொள்வான்.

கணிதத் தாளின் வினாக்கள் பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஒட்டியவை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. தமிழில் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் கணிதம் பயின்ற பிள்ளைக்கு இது பெருந்தடை என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அந்த வகையில், வெளிமாநிலங்களில் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்துள்ள வசதி பெரிது. அதை அவர்கள் உணர்ந்தாரில்லை என்பதே நம் எண்ணம்.

எழுத்துத் தேர்வில் தேறியவர் பட்டியல் வெளியானதும் சிலர் அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்து ஏமாறுகின்றனர். தரைப்படையை முதல் விருப்பமாகக் குறித்தவர்கள், தேர்ச்சி அறிவிப்பு வந்தபின் தரைப்படையின் ஆட்சேர்ப்பு இணையதளத்திலும் குறித்த நாட்களுக்குள் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவனுக்கு அழைப்பு வாராது. தேர்வில் வென்று, ஒரு பதிவைச் செய்யாமையால் தோற்பது எத்துணை வருந்தத்தக்கது!

இனி, இப்பாதையின் நடுநாயகமான கட்டத்துக்கு வருகிறோம். சர்வீஸஸ் செலக்ஷன் போர்டு என்னும் தேர்வுக் குழுவின் முன் ஏறத்தாழ ஐந்து நாட்கள் தங்கவேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால் இதற்கும் 900. பெங்களூர், போபால், பிரயாக்ராஜ், மைசூர், டேராடூன், கோயம்புத்தூர் முதலிய இடங்களில் இக்குழுக்கள் இயங்குகின்றன. முதன்முறை செல்வோருக்கு ரயில் கட்டணத்தை அரசே திருப்பித் தரும். தங்கும் இடமும் உணவும் இலவசம். இம்முறை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் உருவானது. குடும்பப் பெருமையையும் பள்ளியின் பெயரையும் பார்த்து அதிகாரிகளைப் பொறுக்கிய பழைய வழக்கம் போர்க்காலத்தில் பயன்படாமற் போகவே, மனோதத்துவ அறிஞர்களின் துணையுடன் ஆளையே நேரில் ஆராயும் முறை வகுக்கப்பட்டது. 1943-இல் அது இந்தியாவுக்கும் வந்தது.

முதல் நாளன்றே ஒரு சல்லடை. அறிவுக் கூர்மையைச் சோதிக்கும் சில வினாக்களுக்குப் பின், மங்கலான ஒரு படம் முப்பது விநாடி காட்டப்படும். அதில் கண்டதைக் கொண்டு நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேர் போல ஒரு வட்டமாக அமர்ந்து, தத்தம் கதையைச் சொல்லி, எல்லோரும் ஒப்பும் ஒரு பொதுக்கதையை விவாதித்து முடிவு செய்ய வேண்டும். அன்று மாலைக்குள் பெரும்பகுதியினர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். பதினெட்டு வயதில், அறிமுகமற்ற ஊரில், மார்பில் குத்திய எண்ணைக் கழற்றித் தந்துவிட்டு ரயிலடிக்கு நடப்பது எளிதன்று. எனினும் இதில் அவமானம் ஏதுமில்லை. மூன்றாம் முறை, நான்காம் முறை சென்று தேறியவர்கள் படையில் நிறைய உண்டு.

எஞ்சியோரை மூவர் தனித்தனியே ஆராய்கின்றனர். மனோதத்துவ நிபுணர் ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர், வெளிக்களத்தில் கூட்டுப் பணிகளை நடத்தும் அதிகாரி ஒருவர். மனம், வாக்கு, காயம் என்று நம் முன்னோர் சொன்ன மூன்றையும் மூவர் பங்கிட்டுக்கொண்டு பார்ப்பதாகவே இதைக் கொள்ளலாம். அக்குழுவினரும் இம்முறையை 'மனஸா, வாசா, கர்மணா' என்னும் வடமொழித் தொடரால் குறிப்பதுண்டு. மூவரும் தமக்குள் கலந்து பேசாமலே முதலில் முடிவுக்கு வருகின்றனர். இறுதி நாளில் கூடும் மாநாட்டில்தான் மூன்று கணிப்புகளும் ஒப்பிடப்படுகின்றன.

மனோதத்துவச் சோதனையில் பன்னிரண்டு கதைகள் எழுத வேண்டும்; பதினொன்றுக்குப் படம் உண்டு, பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை. பின்னர் அறுபது சொற்கள், ஒன்றுக்குப் பதினைந்து விநாடி வீதம், ஒவ்வொன்றையும் கண்டவுடன் தோன்றும் எண்ணத்தை எழுத வேண்டும். அடுத்து, அறுபது இக்கட்டான நிலைகளுக்கு அரைமணி நேரத்தில் விடை. இறுதியாக, பெற்றோர், ஆசிரியர், நண்பர் ஆகியோர் தன்னைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதையும், தான் தன்னைப் பற்றி நினைப்பதையும் எழுதவேண்டும். சிந்தித்துப் புனைய நேரமில்லாதபடி இவை வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கென்றே பெருநகரங்களில் பயிற்சிக் கடைகள் பல முளைத்துள்ளன. அங்கே தயாரித்துத் தரும் கதைகளில் கதாநாயகன் எப்பொழுதும் வெள்ளத்தில் குதித்து ஒருவரைக் காப்பாற்றி, மறுநாள் இரத்ததான முகாமும் நடத்திவிடுகிறான்! ஒரே கதையை நாள்தோறும் நூறு தாள்களில் வாசிக்கும் நிபுணருக்கு இதன் ஊற்று தெரியாதா? பணம் கட்டிப் பெற்ற கதையைவிட, தன் தெருவில் தான் செய்த சிறு காரியத்திலிருந்து எழும் கதை மேலானது. சோதனையின் அமைப்பைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு பயிற்சி நிலையம் பயன்படலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது வீண்.

வெளிக்களப் பணிகளே இளைஞருக்கு மிகவும் பிடித்தவை. ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பலகை, ஒரு மரத்துண்டு, ஒரு கயிறு இவற்றைக் கொடுத்து, தரையில் காலூன்றாமல் ஒரு சுமையுடன் தடைகளைக் கடக்கச் சொல்லுவர். சிவப்பு வண்ணம் பூசிய இடத்தை யாரும் தீண்டலாகாது. தலைவர் என்று யாரும் நியமிக்கப்படுவதில்லை. யார் சொன்ன யோசனை குழுவைக் கடத்துகிறது, யார் மற்றவன் ஏறும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், யார் உரக்கக் கத்திவிட்டு ஒன்றும் செய்யாதிருக்கிறான் என்பன யாவும் அங்கே வெயில்போல் வெளிப்பட்டுவிடும். குழு விவாதம், மூன்று நிமிடச் சொற்பொழிவு, படம் கொண்டு திட்டமிடுதல், தனியாள் தடைகள், ஒவ்வொருவரும் தலைமை ஏற்று நடத்தும் ஒரு பணி ஆகியனவும் உண்டு. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. உச்சரிப்பின் அழகு இங்கே அளக்கப்படுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு ஒரு குறையுண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. பெரியோர் முன் பேசாதிருப்பது மரியாதை என்று நாம் வளர்த்திருக்கிறோம். குழு விவாதத்தில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் அடக்கத்தை அதிகாரி அறிய வழியில்லை. சாப்பாட்டு வேளையில் நாள் செய்தியைப் பற்றித் தந்தையும் மகனும் மாறுபட்ட கருத்தைச் சொல்லிப் பேசும் பழக்கம் உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இச்சோதனை புதிதாக இராது.

விமானப்படையில் விமானம் ஓட்ட விரும்புவோருக்குக் கணினி வழியாக நடைபெறும் தனிச்சோதனை ஒன்று உண்டு. அது வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறியவர் பின்னர் விமான ஓட்டியாக முடியாது; விமானப்படையின் பிற பிரிவுகளுக்கோ, மற்ற இரு படைகளுக்கோ முயலலாம்.

குழுவால் பரிந்துரைக்கப்பட்டவர் ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். முழங்கால்கள் ஒட்டுதல், தட்டையான பாதம், மூக்கினுள் எலும்புத் தட்டின் வளைவு, நிறம் பிரித்தறியாமை, பார்வைக் குறை ஆகியனவே அடிக்கடி தடையாகின்றன. ஒருசில சிறு சிகிச்சையால் நீங்குவன. ஆதலால் விண்ணப்பிக்கும்முன் உள்ளூர் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்வது நலம். தகுதியில்லை என்று முதலில் கூறப்பட்டால், 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டுப் பரிசோதனை உண்டு. உடலில் பச்சை குத்திக்கொள்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. முன்கையின் உட்புறம் போன்ற சில இடங்களில் மட்டுமே அனுமதி. நண்பர்களோடு கேளிக்கைக்காகக் குத்திக்கொண்ட ஒரு சித்திரத்தால் வாய்ப்பை இழப்பது வேண்டாம்.

இத்தனைக்கும் பின்னரும் ஒரு கட்டம் எஞ்சியிருக்கிறது. இரண்டு 900-களும் கூட்டப்பெற்று 1800-க்குத் தகுதிப் பட்டியல் வெளியாகும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 400 இடங்கள். பரிந்துரையும் பெற்று, வைத்தியத்திலும் தேறி, பட்டியலில் பின்னால் நின்றமையால் அழைக்கப்படாதவர்களும் உண்டு. குழு பரிந்துரைத்தவுடன் ஊரெல்லாம் இனிப்பு வழங்கிவிடலாகாது.

பெண்களின் செய்தி தனியே சொல்லத்தக்கது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவின் பேரில் அவ்வாண்டு நவம்பர்த் தேர்வை முதன்முதலாகப் பெண்களும் எழுதினர். விண்ணப்பித்தோர் ஐந்து லட்சத்துக்கும் மேல்; அவர்களுள் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். எழுத்துத் தேர்வில் 1,002 பெண்கள் தேறினர். அவர்களுக்கு இருந்தவையோ 19 இடங்கள். 2022-இல் கடக்வாஸ்லா சென்ற அம்முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதத்தில் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து வெளிவந்தனர். ஒன்றேமுக்கால் லட்சத்தையும் பத்தொன்பதையும் அருகருகே வைத்து நோக்குங்கால், வாயில் திறந்ததென்றாலும் மிகக் குறுகலாகவே திறந்தது என்பது விளங்கும்.

பட்டப்படிப்பை முடித்தவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷனே ஆண்டுக்கு இருமுறை நடத்தும் கம்பைண்டு டிபென்ஸ் சர்வீஸஸ் தேர்வின் வழியாக, டேராடூன் அகாடமிக்கும், கேரளத்தில் எழிமலையிலுள்ள கடற்படை அகாடமிக்கும், ஹைதராபாத்துக்கு அருகே துண்டிக்கலில் உள்ள விமானப்படை அகாடமிக்கும், சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் செல்லலாம். எழிமலை என்பது சங்க நூல்களில் நன்னனுக்கு உரியதாகப் பேசப்படும் ஏழில்மலையே. பரங்கிமலைக்குச் செல்ல விழைவோர்க்குக் கணிதத் தாள் இல்லை. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். ஆண், பெண் இருபாலாரும் எழுதலாம். சீனப் போரைத் தொடர்ந்து 1963-இல் தொடங்கிய அப்பள்ளியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெற்று வருகின்றனர். அங்கே பெறும் பணி பத்தாண்டுகளுக்கு உரியது. மேலும் நான்காண்டு நீட்டிக்கலாம். தகுதியுடையோர் நிரந்தரப் பணிக்கும் மாறலாம்.

மும்பைத் தமிழர்கள் இங்கே ஒரு பெயரை நினைவுகூர்வர். 1946-இல் அந்நகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, சென்னைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 1972-இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானவர் ராமசாமி பரமேஸ்வரன். மேஜராக இருந்த அவர் 1987 நவம்பரில் இலங்கையில் பணியிலிருந்தபோது உயிர்நீத்தார். பரம வீர சக்கரம் அவருக்கு அளிக்கப்பெற்றது. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழர் இவ்வழியே சென்றதற்கு அவரினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வு இன்றியே தேர்வுக் குழுவின் முன் செல்லும் தனிவழியும் உண்டு. கல்லூரியில் சனிக்கிழமை அணிவகுப்பை வீண்வேலை என்று எண்ணும் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் பயின்று, பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்குத் தரைப்படையில் ஒரு தொழில்நுட்ப வழி இருக்கிறது. விமானப்படை தானே நடத்தும் பொதுத் தேர்வும் உண்டு. சிப்பாயாகப் பணிபுரிவோர் டேராடூனிலுள்ள காடெட் கல்லூரியின் வழியாக அதிகாரியாகலாம்.

சிறு வயதிலேயே தயார் செய்ய விரும்புவோருக்குச் சைனிக் பள்ளிகள் இருக்கின்றன. 1961 முதல் மாநிலங்கள்தோறும் இவை தோன்றின. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் 1962-இல் ஒன்று தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு நடக்கிறது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால், பாதுகாப்பு அகாடமியில் இல்லாத அந்த 'எந்த மாநிலத்தவர்' என்னும் கேள்வி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. பழைய சைனிக் பள்ளிகளில் 67 சதவீத இடம் அம்மாநிலத்தவருக்கும், 33 சதவீதம் பிற மாநிலத்தவருக்கும் உரியது. புவனேசுவரத்தில் வாழும் தமிழ்ச் சிறுவன் ஒடிசாவின் இருப்பிடச் சான்று பெற்றிருந்தால் அங்கே அம்மாநிலத்தவன். தமிழ்நாட்டுச் சான்று வைத்திருந்தால் அமராவதி நகரில் அம்மாநிலத்தவன். எச்சான்றும் இல்லாதவன் இரண்டிடத்திலும் வெளியான். பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகும்பொழுதே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டேராடூனிலுள்ள ராஷ்ட்ரீய இந்திய ராணுவக் கல்லூரியிலும் இடங்கள் மாநிலவாரியாகவே பகிரப்படுகின்றன. எட்டாம் வகுப்பில் சேர்க்கை. வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில். தமிழ்நாட்டுக்குரிய தேர்வை மாநிலப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது.

செலவைப் பற்றிப் பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. அகாடமியில் கல்வி, உணவு, உறையுள், உடை, மருத்துவம் யாவும் அரசின் பொறுப்பு. கைச்செலவுக்குச் சிறு தொகை அனுப்பவேண்டும். வருமானம் குறைந்த குடும்பமாயின் அதற்கும் மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பித்து உதவி பெறலாம். கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் பட்டம் கிடைக்கிறது. பின்னர் அந்தந்தப் படைக்குரிய அகாடமியில் பயிலுங்கால் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. இடையில் தன் விருப்பத்தால் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும் என்று பெற்றோர் கையொப்பமிடும் பத்திரத்தில் எழுதியிருக்கும். அதை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுக.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பயிற்சி கடினமானது, காயங்கள் நேர்வதுண்டு. பயிற்சிக் காலத்தில் காடெட்டு இன்னும் அதிகாரியல்லன். ஆதலின் கடுங்காயமுற்று வைத்தியக் காரணத்தால் விலக்கப்பட்டவர்கள் முன்னாள் படைவீரர் என்ற தகுதியையும் அதற்குரிய ஓய்வூதியத்தையும் பெறாமல், கருணைத்தொகையைக் கொண்டே பல்லாண்டுகள் துன்புற்று வந்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவர்கள் நிலையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அம்மாத இறுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு இசைந்தது. மகனையோ மகளையோ அனுப்பும் பெற்றோர் இதையும் அறிந்து அனுப்புவதே முறை.

கடைசியாகப் பெயர். இது சிறியதாகத் தோன்றலாம். வெளிமாநிலத் தமிழருக்கு இதுவே பெருந்தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயருக்கு ஓரெழுத்து முன்னே நிற்கும். வடநாட்டுப் பள்ளிக் குமாஸ்தா அவ்வெழுத்தை ஓரிடத்தில் விரித்து முன்னே எழுதுவார்; மற்றோரிடத்தில் பின்னே எழுதுவார்; ஆதார் அட்டையில் ஊர்ப்பெயரும் சேர்ந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். தேர்வுக் குழுவின் முன் மூலச் சான்றிதழ்கள் ஒப்பிடப்படும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்பொழுதே, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன்னர், தலைப்பெழுத்தை எவ்வாறு விரிப்பது என்று ஒருமுறை முடிவு செய்து, ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்று ஆகிய யாவற்றிலும் அதே எழுத்துக்களை ஆங்கிலத்தில் அமைத்துக்கொள்க. பள்ளி ஆபீசுக்கு இரண்டு முறை நடந்தால் அப்பொழுது முடிந்துவிடும் காரியம் இது. பின்னர் வாரியத்தின் வாயிலில் மாதக்கணக்கில் நிற்கவேண்டி வரும்.